மல்லாட்டைக்குள் ஒரு கோட்டை

செஞ்சியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: ‘கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததிலிருந்து ஊருக்கு வெளியூர்க் கூட்டம் நிறைய வருகிறது. கடைகளில் பேரீச்சையும் பீநட் பட்டரும் சேர்த்த பார் சரம்சரமாகத் தொங்குகிறது. என் பத்து வயதுப் பையன் அதைத்தான் கேட்டு அடம்பிடிக்கிறான். வீட்டில் அவித்துக் கொடுக்கும் மல்லாட்டையைவிட அதில் சத்து அதிகமா?’

கேள்வி எந்த ஊரிலிருந்து வருகிறது என்று பாருங்கள்! ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டை மூட்டையாக மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வந்து இறங்கும் ஊர். பக்கத்துத் திண்டிவனத்தில் இருக்கும் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத் தாங்கிய டி.எம்.வி. ரகங்கள் நாடெங்கும் விதைக்கப்பட்டவை. அந்த ஊர்ப் பையனுக்கே மல்லாட்டையைப் பளபளப்பான உறையில் போட்டு விற்க முடிகிறதென்றால், விற்பவர் கெட்டிக்காரர்தான்.

முதலில் கணக்கு. 40 கிராம் பாரில் பாதி கடலை விழுது, பாதி பேரீச்சை என்று வைத்துக்கொள்வோம். சுமார் 175 கலோரி, 10 கிராம் கொழுப்பு, 5 கிராம் புரதம், 3 கிராம் நார்ச்சத்து கிடைக்கும். புரதம் ஒரு முட்டையில் இருப்பதைவிடச் சற்றுக் குறைவு. ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்று உறையில் போட்டிருப்பார்கள். பொய்யில்லை. ஆனால் பேரீச்சையின் எடையில் அறுபது சதவீதத்துக்கு மேல் சர்க்கரைதான்; ஆக, மூன்று டீஸ்பூன் இனிப்பு உள்ளே இருக்கிறது. முழுப் பழத்தின் சர்க்கரையை உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பழப்பாகு, பழச்சாற்றுச் செறிவு என்று மூலப்பொருள் பட்டியலில் வந்துவிட்டால் அது சீனிக்குச் சமம்.

கேட்டதற்கு இது போதும். ஆனால் அந்த உறையில் அச்சடித்திருக்கும் கலோரி எண்ணுக்குப் பின்னால் வேடிக்கையான விஷயம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட மனமில்லை.

வறுத்துத் தோல் நீக்கிய கடலையை மிக்ஸியில் போட்டு ஓட்டுங்கள். முதலில் ரவை மாதிரி உடையும். பிறகு மாவாகி ஜாரின் சுவரில் அப்பிக்கொள்ளும். வழித்துவிட்டு மறுபடி ஓட்டினால் உருண்டு திரளும். இன்னும் சில நிமிடம் பொறுத்தால், ஒரு சொட்டுத் தண்ணீரோ எண்ணெயோ ஊற்றாமலேயே, மொத்தமும் தளர்ந்து மினுமினுத்து வழியத் தொடங்கும். விரலில் பிடித்தால் ஒட்டாத காய்ந்த பருப்பில் இவ்வளவு எண்ணெய் எங்கே ஒளிந்திருந்தது?

கோட்டைக்குள்தான். பருப்பின் ஒவ்வொரு செல்லும் ஒரு குட்டிச் செஞ்சி. செல்லுலோஸும் பெக்டினும் கலந்து கட்டிய மதில். உள்ளே ஒன்றிரண்டு மைக்ரான் அளவில் எண்ணெய்த் துளிகள், ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு புரதக் காவல். மனித உடலில் செல்லுலோஸை உடைக்கும் நொதி கிடையாது. கொழுப்பைச் செரிக்கும் லைப்பேஸ் என்ற படை மதிலுக்கு வெளியே வந்து நிற்கும். உள்ளே போக வழியிருக்காது. 1690-ல் முகலாயத் தளபதி சுல்ஃபிகர் கான் செஞ்சியின் ராஜகிரிக் கோட்டைக்குக் கீழே பாளையம் இறங்கிக் காத்துக் கிடந்த மாதிரி. பல்லால் மெல்லும்போது, உடைந்த துண்டின் விளிம்பில் இருக்கும் கோட்டைகள் மட்டுமே விழுகின்றன. துண்டின் நடுவில் இருப்பவை கதவைச் சாத்திக்கொண்டு அப்படியே குடலுக்குள் இறங்கிவிடுகின்றன. கானுக்குக் கோட்டையைப் பிடிக்க ஏழெட்டு ஆண்டு அவகாசம் இருந்தது. சிறுகுடலுக்கோ சில மணி நேரம்தான். அதற்குள் மதில் உடையாவிட்டால், உள்ளிருக்கும் கொழுப்பு மராட்டிய மன்னர் ராஜாராமைப் போல முற்றுகைக்குத் தப்பி மறுவழியாக வெளியேறிவிடும். (ராஜாராம் வேலூர் வழியாகப் போனார். கொழுப்பு போகும் வழியை எழுத வேண்டியதில்லை.) மிக்ஸியோ அந்தக் காலத்தில் யாரிடமும் இல்லாத பீரங்கி. ஒரு மதிலையும் விட்டுவைக்காது.

கற்பனை இல்லை, அளந்து பார்த்திருக்கிறார்கள். 1980-ல் லெவின், சில்விஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரே அளவு கொழுப்பை மூன்று வடிவில் கொடுத்தார்கள். முழுக் கடலையாகத் தின்றபோது, தின்ற கொழுப்பில் ஏறக்குறைய 18 சதவீதம் மலத்தோடு போனது. பீநட் பட்டராகத் தின்றபோது 7 சதவீதம். கடலை எண்ணெயாகக் கொடுத்தபோது 4.5 சதவீதம். 2016-ல் அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் பாதாம் பருப்பை வைத்து இன்னும் நுணுக்கமாகச் செய்தார்கள். முழுப் பாதாமிலிருந்து உடல் உண்மையில் எடுத்துக்கொண்டது கிராமுக்கு 4.4 கலோரி, வறுத்ததில் 4.9, விழுதாக அரைத்ததில் 6.5. ஒரே பருப்புதான்! இதற்குப் பணம் கொடுத்தவர்களில் கலிபோர்னியா பாதாம் வாரியமும் உண்டு, தின்றவர்கள் வெறும் 18 பேர் என்பதையும் சேர்த்தே படியுங்கள். ஆனாலும் கடலை ஆய்வு காட்டிய திசையும் இதுவே.

உறையில் இருக்கும் எண் எப்படி வருகிறது? புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9, மாவுச்சத்துக்கு 4 என்று 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அட்வாட்டர் என்ற அமெரிக்க விஞ்ஞானி வகுத்த பெருக்கல்தான். அரைத்தது, அரைக்காதது என்ற பேதம் அதற்குத் தெரியாது. ஆகவே அந்த எண் பாருக்கு ஏறக்குறையச் சரி; முழுக் கடலைக்கு மிகை.

இதைப் படித்துவிட்டுப் பாரைத் திட்டக் கூடாது. உடல் தேறவேண்டிய குழந்தைக்கு மதிலை இடித்துக் கொடுப்பதே உத்தமம். 1996-ல் பிரான்சில் உருவான ‘பிளம்பிநட்’ அப்படிப்பட்டதுதான்: கடலை விழுது, பால்பொடி, சர்க்கரை, எண்ணெய், வைட்டமின்கள், 92 கிராம் பொட்டலத்தில் 500 கலோரி. கடும் ஊட்டக்குறைவில் வாடும் குழந்தைகளை ஆப்பிரிக்க முகாம்களில் மீட்டெடுத்த உணவு அது. அதே குணம், ஏற்கெனவே மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டு மொபைலோடு உட்காரும் பையனுக்கு எதற்கு?

வரலாறு இல்லாமல் கட்டுரை ஏது என்பவர்களுக்காக: கடலை தென் அமெரிக்கச் செடி, போர்த்துக்கீசியர் காலத்துக் கப்பல் வழிகளில் கிழக்கே வந்தது. விழுதுக்கு 1884-ல் காப்புரிமை வாங்கியவர் மார்செலஸ் எட்சன் என்ற கனடாக்காரர். பலரும் நினைப்பதுபோல அமெரிக்க வேளாண் விஞ்ஞானி ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் அல்ல. எண்ணெய் மேலே பிரிந்து மிதக்காமலிருக்க ஹைட்ரஜனேற்றிய எண்ணெயைக் கலக்கும் பழக்கம் 1920-களில் வந்தது. இன்றைக்கும் சில டப்பாக்களில் அது இருக்கிறது.

இன்னொன்று. ஈரத்தில் கிடந்து பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும், கல்லீரலுக்கு ஆகாது. முழுசாகத் தின்னும்போது நிறம் மாறிய, சுருங்கிய பருப்பு பெரும்பாலும் கண்ணில் படும், கசந்தால் துப்பிவிடுவோம். அரைத்துப் பேரீச்சையில் புதைத்துவிட்டால் கண்ணுக்கும் நாக்குக்கும் வேலையில்லை. தயாரிப்பவரின் பரிசோதனையை நம்ப வேண்டியதுதான்.

ஆகவே வாசகிக்குப் பதில்: சத்து அதிகமில்லை. உடலில் சேரும் கலோரியும் சர்க்கரையும்தான் அதிகம். அவித்த மல்லாட்டை ஈரத்தோடு இருப்பதால் 100 கிராமுக்குச் சுமார் 320 கலோரி, 13 கிராம் புரதம். தோலை உரித்து உரித்துத் தின்பதற்குள் பையனுக்கு வயிறும் நிறைந்துவிடும். மலை ஏறும் நாளில் பையில் ஒரு பார் இருந்துவிட்டுப் போகட்டும், தப்பில்லை. வாங்கும்போது முன்பக்கப் படத்தை விட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். மூலப்பொருட்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாகப் போட வேண்டும் என்பது சட்டம். பேரீச்சையோ பாகோ முதலில் வந்தால் அது கடலை சேர்த்த மிட்டாய். வீட்டில் நான்கு வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் முழுக் கடலை கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும். அவர்களுக்கு மட்டும் அரைத்த விழுதுதான் சரி, அதையும் மெல்லிசாகத் தடவிக் கொடுங்கள்.