பையன் குரலில் ஒரு பாட்டி!

எங்க வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். சென்ற வருட வைவாவில் பதில் தெரிந்தும் குரல் எழும்பாமல் நின்றேன். நல்ல குரல் பிறவியிலேயே வரணும் என்று நினைத்திருந்தேன். மசாக்கோ நொசாவா அம்மையாரைப் பற்றிப் படித்த பிறகு அந்த நினைப்பு மாறிவிட்டது.

இவர் 1936இல் பிறந்த ஜப்பானிய நடிகை. அங்கே டி.வி. வந்த புதிதில், வெளிநாட்டுப் படங்களுக்கு நேரடி ஒளிபரப்பிலேயே குரல் கொடுத்தார்கள். தப்பினால் திருத்த முடியாது. சின்னப் பையன்கள் தடுமாறியதால், பையன் வேடத்துக்குப் பெண்கள் பேச வந்தார்கள். இவரும் அப்படித்தான் வந்தார். கார்ட்டூனில் 1968இல் கிதாரோ, 1978இல் டெட்சுரோ, 1986 முதல் ‘டிராகன் பால்’ கோக்கு. கோக்குவின் மகன்கள் கோஹான், கோட்டென் இருவருக்கும் இவரே குரல்!

வேலை எப்படி? திரையில் படம் ஓடும். வாயசைவு பார்த்துப் பேசணும். பல நடிகர்கள் ஒரே அறையில், இருக்கிற சில மைக்குகளில் மாறி மாறி நின்று பேசுவார்கள். தாள் புரட்டும் சத்தம்கூடப் பதிவாகிவிடும். அதனால் சத்தமில்லாமல் புரட்டவும் பழகணும்.

2024இல் வந்த ‘டைமா’ தொடரிலும் கோக்கு இவர்தான். அந்த அக்டோபரில் வயசு 88!

ஒர்க்‌ஷாப்பில் அரம் பிடித்த என் கை முதலில் கொப்புளித்தது, அப்புறம் பழகியது. குரலும் அப்படித்தான் போலிருக்கிறது. இப்போது தினமும் பாடத்தை வாய்விட்டுப் படிக்கிறேன். அடுத்த வைவாவில் பார்ப்போம்!