துளி விழும் இடமும் கசியும் இடமும்



மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருந்த தரையில் கறுத்த எண்ணெய்த் துளி ஒன்று காணப்படுமானால், நம்மிற் பலர் அதன்மேல் சிறிது மணலைத் தூவிவிட்டுப் போய்விடுகிறோம். ஒரு துளிதானே என்பது நம் எண்ணம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த எண்ணம் மாறிவிடும். நிமிடத்திற்கு ஒரு துளி வீதம் ஒழுகினால் ஒரு நாளைக்கு 1,440 துளிகள். 30 துளிகள் சேர்ந்து ஒரு மில்லிலிட்டர் எனக் கொண்டால் நாளொன்றுக்கு 48 மில்லிலிட்டர். மூன்று வாரத்தில் ஒரு லிட்டர். நம் தெருக்களில் மிகுதியாக ஓடும் 100 சி.சி. வண்டிகளின் என்ஜினில் உள்ள எண்ணெய் முழுவதுமே ஏறத்தாழ அவ்வளவுதான். எண்ணெய் வற்றிய என்ஜினில் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகப் பற்றிக்கொள்ளும். கசிந்த எண்ணெய் பின் சக்கரத்து டயரிற் படியுமானால், பல்லாவரத்துப் பெருஞ்சாலையில் பிரேக் பிடிக்கும் கணத்தில் வண்டி வழுக்கும். ஆதலால் துளியை அலட்சியம் செய்தல் கூடாது.

எண்ணெய் என்ஜினுக்குள் என்ன செய்கிறது என்பதை உலகுக்குத் தெளிவாகக் காட்டியதும் ஒரு கசிவே என்றால் வியப்பாயிருக்கும். இங்கிலாந்தில் 1883ஆம் ஆண்டு பீச்சாம்ப் டவர் என்னும் பொறியாளர், ரயில் வண்டி அச்சுகளின் உராய்வைப் பற்றி ஆராய்ந்து வந்தார். அச்சைத் தாங்கும் பேரிங்கின் உச்சியில் எண்ணெய் விடுவதற்காக ஒரு துளை இட்டார். அச்சு சுழன்றதும், உள்ளே போகவேண்டிய எண்ணெய் துளை வழியே மேலே பொங்கி வழிந்தது. மரக்கட்டையால் துளையை அடைத்தார்; கட்டை மெல்ல மெல்ல வெளியே தள்ளப்பட்டது. பின்னர் அங்கே அழுத்தமானியைப் பொருத்தியபோதுதான், சுழலும் அச்சே எண்ணெயை இழுத்துச் சென்று பேரழுத்தமுள்ள ஒரு மெல்லிய படலமாக்கி, அதன்மேல் தான் மிதக்கிறது என்பது விளங்கிற்று. 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குரிய கணிதத்தை வகுத்தார். டவர் கசிவை அடைப்பதோடு நின்றிருந்தால் இவ்வுண்மை அவருக்குப் புலப்பட்டிராது. ‘ஏன் கசிகிறது?’ என்று அவர் கேட்டார்.

வீட்டில் கசிவைத் தேடும் நாமும் மூன்று கேள்விகளைத் தனித்தனியே கேட்டுக்கொள்ள வேண்டும். துளி எங்கே விழுகிறது? எண்ணெய் எங்கே வெளிப்படுகிறது? எதனால் வெளிப்படுகிறது? இம்மூன்றையும் ஒன்றென மயங்குவதனாலேயே பணமும் பொழுதும் வீணாகின்றன.

முதற் கேள்விக்கு ஒரு வெள்ளைத் தாள் போதும். இரவில் என்ஜினுக்கு அடியில் அதனை விரித்து வையுங்கள். காலையில் அதில் படிந்திருப்பது பழுப்பும் கறுப்புமாய் வழவழப்பாக இருப்பின் என்ஜின் எண்ணெய். மூக்கைத் துளைக்கும் மணத்தோடு விரைவில் உலர்ந்துவிடுமாயின் பெட்ரோல். எண்ணெய் எந்த இடத்தில் விழுகிறது என்பதையும் தாளே சொல்லிவிடும்.

ஆனால் எண்ணெய் கீழ்நோக்கி வழியும். வண்டி ஓடும்போது காற்று அதனைப் பின்னோக்கித் தள்ளும். எனவே வெளிப்படும் இடம், ஈரம் தெரியும் இடத்திற்கு மேலேயோ முன்னேயோ இருப்பதே பெரும்பான்மை. அதனைக் காண, ஆறிய என்ஜினை மண்ணெண்ணெயோ டீசலோ தோய்த்த துணியால் துடைத்து, பிறகு சோப்பு நீரால் கழுவி நன்றாக உலர்த்துங்கள். அருகில் நெருப்பு கூடாது. உலர்ந்த பின் முகத்திற்கு இடும் பவுடரை என்ஜின்மீது மெல்லத் தூவுங்கள். பிரேக்கிலும் காற்று வடிகட்டியிலும் அது படாதிருக்கட்டும். பிறகு திறந்த வெளியில் என்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். மூடிய கொட்டகைக்குள் ஓட்டினால் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிருக்கே கேடாகும். என்ஜினை நிறுத்திவிட்டு, டார்ச் விளக்கால் மேலிருந்து கீழாகப் பாருங்கள். வெண்பொடியில் முதலில் நனைந்து கறுத்திருக்கும் புள்ளியே எண்ணெய் வெளிப்படும் இடம்.

பம்மலில் என் வீட்டில் உள்ள பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றில் இவ்வாறே தேடினேன். துளி விழுந்தது என்ஜினின் அடியிலிருக்கும் டிரெயின் போல்ட்டிலிருந்து. பொடி நனைந்ததோ உச்சியிலிருக்கும் டாப்பெட் மூடியின் விளிம்பில்! அங்கிருந்து சிலிண்டரின் விலாச் செதில்கள் வழியே இறங்கி, எண்ணெய் அடிவாரத்தில் துளியாய்த் திரண்டிருந்தது. மூடிக்கு அடியிலிருக்கும் கேஸ்கெட்டைப் பார்த்தால், அது ஆறு மாதத்துக்கு முன்தான் மாற்றப்பட்டது. புதிய கேஸ்கெட் ஏன் கசியவேண்டும்?

மூன்றாம் கேள்வி இங்கேதான் எழுகிறது. திருவொற்றியூரில் உருவாகி வந்த 350 சி.சி. புல்லட்டை எடுத்துக்கொள்வோம். அதன் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தொலைவு 90 மில்லிமீட்டர். கணக்கிட்டால் 346 கன சென்டிமீட்டர். பிஸ்டன் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் அவ்வளவு காற்றைக் கிராங்க் அறைக்குள் அழுத்துகிறது. என்ஜின் நிமிடத்திற்கு 3,000 சுற்றுச் சுற்றினால், விநாடிக்கு 50 முறை இது நிகழும். போதாக்குறைக்கு, எரிந்த வாயுவும் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிச் சிறிது உள்ளே புகும். இவ்வழுத்தம் தணிவதற்காகவே என்ஜினுக்கு மூச்சுக்குழாய் ஒன்று வைத்திருக்கிறார்கள். அது அடைபட்டால், அழுத்தம் தளர்ந்த இடத்தைத் தேடி எண்ணெயை வெளியே தள்ளும்.

என் வண்டியின் மூச்சுக்குழாய் நுனியைக் கழற்றிப் பார்த்தேன். சில வாரம் ஓடாமல் நின்ற வண்டியாதலால், ஒரு குளவி அதற்குள் மண்ணால் கூடு கட்டியிருந்தது. குழாயைக் கழுவி மாட்டியதும் பாதிச் சிக்கல் தீர்ந்தது. அழுத்தத்தால் ஊறிப் பிதுங்கிய கேஸ்கெட்டை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. குழாயைப் பாராமல் கேஸ்கெட்டை மட்டும் மாற்றியிருந்தால், அடுத்ததும் அவ்வாறே கெட்டிருக்கும்.

கேஸ்கெட்டை மாற்றும்போது, இரண்டு உலோக முகங்களையும் கீறல் விழாமல் துடைக்க வேண்டும். போல்ட்டுகளை ஒன்றை முழுதும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குக. பலத்தை எல்லாம் காட்டினால் அலுமினிய மரை அறுந்துபோகும். டிரெயின் போல்ட் கசியுமானால் அதன் வாஷரை மாற்றுவதே முறை. சுழலும் தண்டுகளைச் சுற்றியுள்ள ரப்பர் ஆயில் சீல் வெப்பத்தாலும் வயதாலும் இறுகிவிடும். அதற்கு மருந்து பூசிப் பயனில்லை, புதியதே வேண்டும். வேலை முடிந்ததும் எண்ணெயின் அளவைப் பார்த்து நிரப்பி, மறுபடியும் வெள்ளைத் தாளை விரித்து வையுங்கள். தாள் வெண்மையாக இருக்கும் காலைதான் வேலை முடிந்த காலை.

எஞ்சிய பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் கிணற்று நீர் கெட்ட துன்பத்தைப் பம்மலும் நாகல்கேணியும் குரோம்பேட்டையும் நன்கு அறியும். 2021இல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்துவிட்ட எங்கள் ஊருக்கு, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மற்றொரு நஞ்சு சேர வேண்டாம். 2016ஆம் ஆண்டு விதிகள் பழைய எண்ணெயை அபாயக் கழிவு எனவே வகுத்துள்ளன. மூடியுள்ள டப்பாவில் சேர்த்து, பழைய எண்ணெயைத் திரட்டி மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

நண்பர்களே, அடுத்த முறை தரையில் ஒரு துளியைக் கண்டால் உடனே ஸ்பானரைத் தேடாதீர்கள். முதலில் துணியும் தாளும் பவுடரும் எடுத்துக்கொண்டு, அம்மூன்று கேள்விகளையும் வரிசையாகக் கேளுங்கள்.