வெள்ளைக் குட்டியின் காது

ராஜபாளையம் குட்டி வாங்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது, ஒரு புள்ளிகூட இல்லாத வெள்ளை உடம்பையும் இளஞ்சிவப்பு மூக்கையும்தான். இந்த இனத்தில் காது கேளாத குட்டிகள் பிறப்பதும் வளர்ப்போருக்குத் தெரிந்த விஷயம். இரண்டுக்கும் தொடர்பு உண்டு.

தோலுக்கும் ரோமத்துக்கும் நிறம் தரும் மெலனோசைட் செல்கள், கருவின் முதுகுப் பக்கத்தில் தோன்றி உடலெங்கும் பரவுகின்றன. அவற்றில் சில உள்காதுக்கும் போய்ச் சேர வேண்டும். அங்குள்ள திரவத்தில் பொட்டாசியத்தின் அளவு குறையாமல் காப்பதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. உடம்பை வெளுக்கச் செய்யும் சில மரபணுக்கள் இந்தப் பரவலைத் தடுக்கின்றன. உள்காதுக்கு மெலனோசைட் வராவிட்டால், ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் பிறந்த சில வாரங்களிலேயே அழிந்துவிடும், மறுபடி முளைக்காது. இது அதிகம் ஆராயப்பட்டது டால்மேஷியனில். அமெரிக்காவில் சோதித்த டால்மேஷியன்களில் ஏறக்குறைய 30 சதவீதத்துக்கு ஒரு காதோ இரண்டு காதுமோ கேட்கவில்லை.

இரண்டும் கேளாத குட்டியைக் கண்டுபிடித்துவிடலாம். தட்டுச் சத்தத்துக்கு மற்றவை எழுந்து ஓட, அது மட்டும் தூங்கும். ஒரு காது மட்டும் கேளாததுதான் சிக்கல். கூப்பிட்டால் வரும், கை தட்டினால் திரும்பும். நல்ல நாய் என்றே வளர்ந்து, இணை சேர்க்கப்பட்டு, குறையைக் குட்டிகளுக்கும் கொடுத்துவிடும். மூளைத்தண்டின் மின் துடிப்பை அளக்கும் ‘பேர்’ சோதனைதான் இதை உறுதியாகக் காட்டும். ஐந்து வார வயதுக்குப் பிறகு செய்யலாம், ஆனால் எல்லாக் கால்நடை மருத்துவமனைகளிலும் அந்த வசதி கிடையாது.

ஆகவே குட்டியின் துள்ளலைப் பார்த்து மயங்காமல் விற்பவரிடம் பேசுங்கள். முந்தைய ஈத்துகளில் காது கேளாதவை பிறந்தனவா? அவை இப்போது எங்கே? தாயும் தகப்பனும் ஒரே வம்சமா? “எங்களிடம் அப்படி ஒன்றுகூடப் பிறந்ததில்லை” என்பவரைவிட, “போன ஈத்தில் ஒன்று பிறந்தது, அந்த ஜோடியை அதற்குப்பின் சேர்க்கவில்லை” என்பவரையே நான் நம்புவேன். தாய் நாயைக் காட்ட மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு விதிகளும் உங்கள் பக்கம் இருக்கின்றன. நாய் வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது. 18 மாதம் ஆகாத பெண் நாயை இணை சேர்க்கக் கூடாது. அதன் ஆயுளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது. பதிவுச் சான்றைக் கேட்க வெட்கப்படாதீர்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிறக்கும்போதே உடம்பில் நிறத் திட்டு உள்ள டால்மேஷியன்களுக்குக் காது கேளாமை குறைவு என்பது ஆய்வில் தெரிந்த உண்மை. ஆனால் கண்காட்சி விதிகள் அந்தத் திட்டையே குறை என்று ஒதுக்குகின்றன. பால் வெள்ளைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் நாமும் அதையேதான் செய்கிறோம். காதோரம் பழுப்பு தெரிகிற குட்டியை விலை குறைத்துக் கேட்காதீர்கள். எந்த நாயை எதனுடன் சேர்ப்பது என்று விற்பவர் முடிவு செய்வது அந்த விலையைப் பார்த்துத்தான்.