மினமாட்டா: நஞ்சைத் தேடிய பன்னிரண்டு ஆண்டுகள்

தொற்று என்ற முதல் ஐயம்

ஓர் ஊரில் பலர் ஒரே விதமாக நோயுறும்போது, வேதிப்பொருள் ஏதேனும் அதற்குக் காரணமா, அது காற்று, நீர், உணவு ஆகியவற்றுள் எதன் வழியாக உடலுக்குள் சென்றது, யார் உடலில் எவ்வளவு சேர்ந்துள்ளது என்று ஆராய்ந்தறிவது பொதுச் சுகாதாரத் துறையின் கடமையாகும். ஜப்பானின் மினமாட்டாவில் இப்பணி 1956 மே 1 அன்று தொடங்கியது. சிஸ்ஸோ வேதியியல் ஆலையின் மருத்துவமனைத் தலைவர் ஹொசோகாவா ஹஜிமே, நரம்பு மண்டலத்தைத் தாக்கும் இனந்தெரியாத நோயொன்று பரவுவதாகச் சுகாதார நிலையத்துக்குத் தெரிவித்தார். கைகால் மரத்து, நடை தள்ளாடி, பேச்சுக் குழறி வந்தவர்கள் தொற்றுநோயாளிகளாகக் கருதப்பட்டுத் தனிமைப்படுத்தப்பட்டனர். அந்த அவப்பெயர் உண்மை வெளிப்பட்ட பின்னரும் அவர்களை விட்டு எளிதில் நீங்கவில்லை.

பூனைகளின் சாட்சி

நோயாளிகளுள் பலர் மீனவக் குடும்பத்தினர் என்பதும், அப்பகுதிப் பூனைகள் வலிப்புக் கண்டு சுழன்று விழுந்து செத்தன என்பதும் ஐயத்தை மீனின்மேல் திருப்பின. மினமாட்டா விரிகுடாவின் மீன், சிப்பி வழியாகச் சேர்ந்த உலோக நஞ்சே காரணம் எனக் குமாமோட்டோ பல்கலைக்கழகக் குழு அவ்வாண்டு நவம்பரிலேயே கருதியது. 1957இல் சோதனைக்காக அம்மீன் ஊட்டப்பட்ட பூனைகளும் நோயுற்றன. எந்த உலோகம் என்பது தெரியாவிட்டாலும் எந்த உணவு என்பது தெரிந்துவிட்டது. தடை விதிக்க அதுவே போதுமானது. ஆயினும், மாகாண நிர்வாகம் உணவுத் தூய்மைச் சட்டத்தின்கீழ்த் தடைக்கு வழி கேட்டபோது, அங்குள்ள மீன் அனைத்துமே நஞ்சானவை என்பதற்குத் தெளிவான ஆதாரமில்லை என்று நடுவண் அமைச்சகம் மறுத்தது. எல்லா மீனையும் சோதித்து முடிக்கும்வரை மக்கள் உண்டுகொண்டிருக்கலாம் என்பதே இவ்வாதத்தின் பொருள்.

உடலே வைத்திருந்த கணக்கு

நஞ்சு கரிமப் பாதரசம் என்பதை அப்பல்கலைக்கழகம் 1959 ஜூலையில் அறிவித்தது. கரிமப் பாதரசமாவது கரிமச் சேர்மத்தோடு இணைந்த பாதரசம். அதன் ஒரு வகையான மெத்தில் பாதரசம் மூளையையும், நஞ்சுக்கொடியைக் கடந்து கருவையும் தாக்கும். தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், அதில் படிந்த பாதரசத்தைக் கொண்டு கடந்த மாதங்களில் உடலில் சேர்ந்த அளவைக் கணிக்க முடியும். குழந்தையின் தொப்புள்கொடியை உலர்த்திப் பேணி வைக்கும் ஜப்பானிய வழக்கம் இவ்வாய்வுக்குக் கிடைத்த எதிர்பாராத கொடை; தாயின் வயிற்றிலேயே நஞ்சேறியதற்கான தடயத்தைப் பல ஆண்டுகளுக்குப் பின்னரும் அக்கொடிகள் காட்டின.

அந்தப் பாதரசம் எங்கிருந்து வந்தது என்பதே எஞ்சிய கேள்வி. 1959 அக்டோபரில், சிஸ்ஸோ ஆலைக் கழிவு கலந்த உணவை உண்ட 400ஆம் எண் சோதனைப் பூனை நோயுற்றதை ஹொசோகாவா கண்டார்; அம்முடிவை நிறுவனம் வெளியிடவில்லை. ஆலைக் கழிவே காரணம் என அரசு 1968 செப்டம்பரில் ஒப்புக்கொண்டபோது, அக்கழிவை உண்டாக்கிய அசிட்டால்டிஹைடு உற்பத்தி நின்று நான்கு மாதங்கள் ஆகியிருந்தன.