காங்ரா மலைநாட்டு வைத்தியநாதர்

இமாசலப் பிரதேசத்தில், பனி மூடிய தௌலாதார் மலைத்தொடரின் அடிவாரத்தே அமைந்தது காங்ராப் பள்ளத்தாக்கு. அங்குள்ள பாலம்பூரைச் சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். அவ்வூரிலிருந்து ஏறத்தாழ 16 கி.மீ. தொலைவில் பைஜ்நாத் என்னும் சிவத்தலம் உள்ளது. வைத்தியநாதன் என்னும் திருப்பெயரே வடவர் நாவில் அவ்வாறு மருவிற்று. நம் புள்ளிருக்குவேளூர்ப் பெருமானின் திருப்பெயரும் இதுவே அன்றோ!

கி.பி. 1204இல் ஆகுகன், மன்யுகன் என்னும் வணிக உடன்பிறந்தார் இருவர் இக்கற்றளியை எடுப்பித்தனர். மண்டபத்துள் இரு கற்பலகைகளில் சாரதா எழுத்தில் இச்செய்தி உளது. கோயில் எடுத்தோர் அனைவரும் அரசரே என்று எண்ணுவார்க்கு இது வியப்பளிக்கும்.

1905 ஏப்ரல் 4ஆம் நாள் அந்நாட்டைப் பெரும் நிலநடுக்கம் தாக்கிற்று. 20,000 பேர் வரை மாண்டனர். காங்ரா நகரத்து வச்சிரேசுவரி அம்மன் கோயில் இடிந்து வீழ்ந்தது. இன்று நாம் காண்பது பின்னர் எழுப்பியது. தேயிலை ஆலைகளும் அழிந்தன. ஆங்கிலேயத் தோட்டக்காரர் பலர் தோட்டங்களைக் கைவிட்டு அகன்றனர். வைத்தியநாதர் கோயிலோ சேதமுற்றும் வீழாது நின்றது.

இராவணன் இங்குத் தவமியற்றினான் என்பது ஊர் வழக்கு. ஆதலின், வடநாட்டில் பல இடங்களில் விசயதசமியன்று அவன் உருவை எரிப்பினும், பைஜ்நாத்தில் எரிப்பதில்லை. சிவபத்தனுக்கு அவ்வூரார் காட்டும் மதிப்பு அது. செல்லும் அன்பர்கள் இறைவனைத் தொழுதபின், அவ்வணிகர் பெயர் தாங்கிய கற்பலகைகளையும் கண்டு வருக.