பீலிக்கரைப் பேச்சு பள்ளிக்கூடம் வரை வந்தால்

2016இன் தொடக்கத்தில் இலங்கையின் குளியாப்பிட்டியில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனைச் சேர்க்கப் பாடசாலைகள் மறுத்தன. தகப்பன் எய்ட்ஸால் இறந்தார் என்ற ஊர்ப்பேச்சே காரணம். சேர்த்துக்கொண்ட பாடசாலையிலிருந்து மற்றப் பெற்றோர் தம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவனுக்கு எச்.ஐ.வி இல்லை என்று பரிசோதனை காட்டியது, பேச்சு அடங்கவில்லை. இருந்திருந்தாலும் வகுப்பில் உட்காரும் உரிமை அவனுக்கு உண்டு. கடைசியில் கண்டி திரித்துவக் கல்லூரி இடம் கொடுத்தது. எச்.ஐ.வியால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் கல்வியை அரசு உறுதிப்படுத்த வேண்டும் என்று அதே ஆண்டு ஏப்ரலில் உயர் நீதிமன்றமும் சொன்னது.

பசறை, ஹாலிஎல, ஹப்புத்தளைத் தோட்டங்களில் இப்படியொரு பேச்சு கிளம்பினால் எங்கே போய் நிற்கும்? லயத்தில் ஒரு காம்பராவுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு சுவர்தான். வளைகுடாவுக்குப் போகவிருந்த பெண் மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு போகாமல் நின்றுவிட்டால், மறுநாள் பீலிக்கரையில் அதுதான் கதை. இந்தக் கதைக்குப் பயந்தே பலர் இரத்தம் கொடுக்கத் தயங்குகிறார்கள். ஆனால் முழுச் சிகிச்சையும் அந்த ஒரு துளி இரத்தத்தில்தான் தொடங்குகிறது. எச்.ஐ.விக்கான மாத்திரை அரச சேவையில் இலவசம். ஒழுங்காக எடுத்து வைரஸ் அளவு கண்டறிய முடியாதபடி குறைந்துவிட்டால், உடலுறவின் மூலம் மற்றவருக்குத் தொற்றாது. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி தொற்றுவதை ஒழித்த நாடாக 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அங்கீகரித்ததற்கு, கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு வந்ததும் ஒரு காரணம். ஆகவே ஒருவரை ஒதுக்குவதால் ஊருக்குக் காவல் கிடைப்பதில்லை. நோய்தான் மறைந்து வளர்கிறது.

பிள்ளையைப் பெற்றவர்களின் பயத்தை ஏளனம் செய்யக் கூடாது. ஒரே பீலியில் தண்ணீர் பிடிப்பதாலோ, ஒரே கோப்பையில் தேநீர் குடிப்பதாலோ, ஒரே வாங்கில் உட்காருவதாலோ எச்.ஐ.வி தொற்றாது என்று அவர்களுக்குப் பொறுமையாகச் சொல்ல வேண்டும். “விளையாட்டில் அடிபட்டு இரத்தம் வந்தால்?” என்பது நியாயமான கேள்வி. எந்தப் பிள்ளையின் காயத்தையும் கையுறை போட்டுத்தான் துடைக்க வேண்டும். சில வகை மஞ்சள் காமாலைக் கிருமிகளும் இரத்தத்தின் வழியே பரவக்கூடியவையே. இதைச் சொல்லப் பெரிய மேடை தேவையில்லை. எச்.ஐ.வியுடன் பிறந்த தென்னாபிரிக்கச் சிறுவன் நிகோசி ஜோன்சன் 2000ஆம் ஆண்டு டர்பன் எய்ட்ஸ் மாநாட்டில் உலகத்தின் முன் பேசியபோது அவனுக்கு வயது பதினொன்று. சாதாரண தரம் படிக்கும் நம் பிள்ளை பேச வேண்டியது பீலிக்கரையில், தன் அத்தை மாமா முன்னால். அது இன்னும் கடினம் என்றே நினைக்கிறேன். பெரியவர்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பதுளைப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குத் தனியாகப் பஸ் ஏறப் பயப்படும் அக்காவின் பக்கத்து ஆசனத்தில் போய் உட்காருவதும் அந்தப் பேச்சில் சேர்ந்ததுதான்.