டைகர் வுட்ஸின் டாப் 5 மேஜர் வெற்றிகள்: நம்பர் 1 எது?

ஹாஸ்டலில் கிரிக்கெட் பத்தி சண்டை வந்தா ஒரு ஃப்ளோரே கூடிடும். கோல்ஃப் பத்தி சண்டை போட நானும் என் ரூம்மேட்டும் மட்டும்தான். டைகர் வுட்ஸ் ஜெயிச்ச 15 மேஜர்களில் எது பெஸ்ட்? "2000 யு.எஸ். ஓபன். இதுல பேச என்னடா இருக்கு?" என்பது அவன் கட்சி. நான் ஒத்துக்கல. ஏன்னு சொல்றேன்.

கோல்ஃப் பார்க்காதவங்களுக்கு ஒரு நிமிஷ அறிமுகம். வருஷத்துக்கு நாலு மேஜர் போட்டிகள்: மாஸ்டர்ஸ், பிஜிஏ சாம்பியன்ஷிப், யு.எஸ். ஓபன், பிரிட்டிஷ் ஓபன். நாலு நாள், தினமும் 18 ஹோல், மொத்தம் 72. குறைவான ஷாட்களில் முடிக்கிறவர்தான் வின்னர். ஒரு ஹோலை இத்தனை ஷாட்டில் முடிக்கணும் என்ற கணக்குக்கு 'பார்' என்று பெயர். மேஜர் எண்ணிக்கையில் வுட்ஸுக்கு மேலே இருப்பவர் ஜாக் நிக்லாஸ் மட்டுமே. அவருக்கு 18.

இனி என் அளவுகோல். எத்தனை ஷாட் வித்தியாசத்தில் ஜெயித்தார் என்று நான் பார்க்கல. தோற்க எவ்வளவு வாய்ப்பு இருந்தது, அதை எப்படித் தாண்டினார்? அதுதான் கேள்வி.

5. 2006 பிரிட்டிஷ் ஓபன், ஹொய்லேக்

அந்த மே மாதம்தான் அப்பா ஏர்ல் வுட்ஸ் இறந்தார். அடுத்து வந்த யு.எஸ். ஓபனில் வுட்ஸ் முதல் இரண்டு நாளோடு வெளியே. ஜூலையில் ஹொய்லேக் மைதானம் காய்ந்து கிடந்தது, பந்து உருண்டுகிட்டே போகும். ரொம்ப தூரம் அடித்தால் மணல் குழியில் விழும். அதனால் 72 ஹோல்களில் ஒரே ஒரு தடவைதான் டிரைவரை எடுத்தார். ஜெயிச்சதும் கேடியின் தோளில் சாய்ந்து அழுதார்.

4. 1997 மாஸ்டர்ஸ், அகஸ்டா

வயசு 21. (எனக்கும் 21. நான் பிளேஸ்மென்ட் மெயிலுக்காக ரெஃப்ரெஷ் பண்ணிட்டு இருக்கேன்.) முதல் நாள் முதல் 9 ஹோலில் 40 ஷாட், பாரை விட 4 அதிகம். நம்மில் பலர் அங்கேயே மனசு விட்டிருப்போம். அடுத்த 9 ஹோலை 30-ல் முடித்தார். கடைசியில் 12 ஷாட் வித்தியாசத்தில் வெற்றி. 1990 வரை ஒரு கறுப்பின உறுப்பினர்கூட இல்லாத கிளப் அது. அங்கே மாஸ்டர்ஸை ஜெயித்த முதல் கறுப்பினத்தவர் இவர்தான்.

3. 2000 யு.எஸ். ஓபன், பெபிள் பீச்

ரூம்மேட்டின் நம்பர் 1. வுட்ஸ் பாரை விட 12 குறைவு. இரண்டாம் இடத்தைப் பகிர்ந்த எர்னி எல்ஸும் மிகேல் ஆங்கெல் ஹிமெனஸும் பாரை விட 3 அதிகம். 15 ஷாட் வித்தியாசம், மேஜர் வரலாற்றிலேயே மிகப் பெரியது. ஆட்டத்தின் தரம் மட்டும் கணக்கு என்றால் இதுதான் உச்சம், மறுக்கல. ஆனா கடைசி நாள் தொடங்கும்போதே 10 ஷாட் முன்னிலை. தோல்வி அவர் பக்கத்திலேயே வரல.

2. 2008 யு.எஸ். ஓபன், டோரி பைன்ஸ்

இடது முழங்கால் தசைநார் கிழிந்திருந்தது, காலெலும்பில் இரண்டு விரிசல். 72-வது ஹோலில் சுமார் 12 அடி தூர புட் விழுந்தால் டை, விழலைன்னா தோல்வி. விழுந்தது. மறுநாள் ராக்கோ மீடியேட்டோடு 18 ஹோல் பிளேஆஃப், அதுவும் டை. 91-வது ஹோலில்தான் முடிவு. ஆனா அதோடு அறுவை சிகிச்சை, அந்த சீசன் முழுக்க ஓய்வு. அடுத்த மேஜருக்கு 11 வருஷம் ஆச்சு.

1. 2019 மாஸ்டர்ஸ், அகஸ்டா

வயசு 43. 2017-ல் முதுகெலும்பை இணைக்கும் ஆபரேஷன் நடந்த அந்த வருஷம் உலகத் தரவரிசையில் ஆயிரத்துக்கும் கீழே போயிருந்தார். இன்னொண்ணும் இருக்கு: முந்தைய 14 மேஜர்களிலும் கடைசி நாளை முன்னிலையிலோ சம நிலையிலோதான் தொடங்கினார். இந்தத் தடவை மட்டும் 2 ஷாட் பின்னால.

12-வது ஹோல். 155 யார்டுதான், ஆனா முன்னாடி ஓடை, காற்று சுழலும். கொடி வலது ஓரத்தில். கடைசி இரண்டு குழுக்களில் ஆடிய 6 பேரில் 4 பேரின் பந்து தண்ணீரில் விழுந்தது, முன்னிலையில் இருந்த மொலினாரியோடதும்தான். வுட்ஸ் கொடியைக் குறி வைக்கவே இல்லை. இடது பக்கம் பத்திரமாகப் போட்டு, இரண்டு புட்டில் பார் எடுத்தார். கடைசியில் ஒரே ஒரு ஷாட் வித்தியாசத்தில் வெற்றி.

2000-ல் இருந்த உடம்பு இல்லை, 2008-ல் காலைப் பணயம் வைத்த மாதிரி வைக்கவும் எதுவும் மிச்சமில்லை. எந்த ஷாட்டை அடிக்கக் கூடாது என்று தெரிந்ததால் ஜெயித்தார். அதனால்தான் இது என் நம்பர் 1.

ரூம்மேட் இன்னும் ஒத்துக்கல. "ஆபத்தே வராம ஆடுறதுதான்டா பெரிய திறமை" என்கிறான். அதுக்கு என்கிட்ட இன்னும் சரியான பதில் இல்லை. உங்க லிஸ்ட்டை அனுப்புங்க, என் பக்கம் ஆள் வேணும்.